மாகாணத்துக்கு ஒரு பிரதமரா? ஓமந்தூராரின் நாற்காலியை வைத்து ஓர் எளிய விளக்கம்

சென்னை அண்ணா சாலைப் பக்கம், ‘அரசினர் தோட்டம்’ மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் ஒரு பிரம்மாண்டமான கட்டடம் தெரியும். 2010இல் சட்டமன்றத்துக்காகத் திறக்கப்பட்டு, பிறகு அரசு மருத்துவமனையாக மாறியது. “ஓமந்தூரார்ல டோக்கன் போட்டாச்சு”, “ஓமந்தூரார்ல ஸ்கேன் எடுத்தோம்” என்று ஜனங்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பலருக்கு அது ஒரு இடத்தின் பெயர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், “அவர் அந்தக் காலத்து முதலமைச்சர்” என்பார்கள். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள், “இல்லை இல்லை, அவர் பிரதமர்” என்பார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்? ஒருவர் ராஜாஜி என்றார், இன்னொருவர் ஓமந்தூரார் என்றார், மாமா ஒருவர் அண்ணா என்று அடித்துச் சொன்னார். “பிரதமர்னா நேருதானே, மெட்ராஸுக்கு எப்படித் தனிப் பிரதமர்?” என்று கேட்ட தம்பிக்கு யாருமே பதில் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் என்ற கிராமத்து விவசாயியின் அரசியல் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பதவி என்ன, அதில் உட்கார்ந்தவரால் என்ன செய்ய முடிந்தது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில், மாகாணம் என்றால் என்ன

வெள்ளைக்காரர்கள் காலத்து இந்தியாவை இரண்டு விதமான வீடுகள் கலந்த தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகள் நேரடியாக ஜமீன் பங்களாவின் நிர்வாகத்தில் இருக்கின்றன. மற்றவற்றில் பழைய சொந்தக்காரரே குடியிருக்கிறார். ஆனால் பங்களாவுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். முதல் வகைதான் மாகாணம்: பிரிட்டிஷ் அரசு ஒரு கவர்னரை வைத்து நேரடியாக ஆண்ட பகுதி. இரண்டாவது வகை சமஸ்தானம்: ராஜாவோ நவாபோ மேலே இருப்பார், அவருக்கும் மேலே பிரிட்டிஷ்காரர் இருப்பார்.

சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு இல்லை. வடக்கே ஒரிசா எல்லையைத் தொடும் ஆந்திரக் கரை, ராயலசீமா, பெல்லாரி, மேற்கே மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதே சமயம் இன்று நம் மாவட்டமாக இருக்கும் கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் நம் பக்கம் வந்தது. புதுக்கோட்டை நடுவில் தனி சமஸ்தானமாக இருந்து 1948 மார்ச்சில் சென்னையோடு சேர்ந்தது. அது சேர்ந்தபோது மாகாண ஆட்சி ஓமந்தூராரிடம் இருந்தது.

இந்தப் புவியியலை ஏன் இழுக்கிறேன் என்றால், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே சபையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் தலைவர் என்ற சண்டை வந்தால் அதில் மொழியும் ஊரும் சேர்ந்தே வரும். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பீரோ சாவி அப்பாவிடம்: இரட்டையாட்சி

ஒரு கூட்டுக் குடும்பம். பெரியவர் ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு, “இனிமேல் வீட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கோ” என்கிறார். மகனுக்குச் சந்தோஷம். அப்புறம்தான் தெரிகிறது, அடுப்படி, பிள்ளைகள் படிப்பு, ஆடுமாடு ஆகியவை மட்டும்தான் மகன் பொறுப்பு. பீரோ சாவி, நிலப் பத்திரம், காவலாள் எல்லாம் பெரியவரிடமே இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டவும் மகன் பெரியவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குக் கொடுத்தது இதைத்தான். இதற்கு இரட்டையாட்சி என்று பெயர்: ஒரே மாகாண அரசுக்குள் சில துறைகள் மந்திரிகளிடமும் மற்ற துறைகள் கவர்னரிடமும் இருக்கும் ஏற்பாடு. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி ஆகியவை சபைக்குப் பதில் சொல்லும் மந்திரிகளிடம் வந்தன. போலீஸ், நீதி, நிலவரி, நிதி ஆகியவை கவர்னரின் கையை விட்டுப் போகவில்லை.

1920இல் நடந்த முதல் தேர்தலில் நீதிக் கட்சி ஜெயித்து, ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். பிறகு பனகல் அரசர், டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் என்று வரிசையாக வந்தார்கள். இவர்களால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். அரசு வேலைகளில் வகுப்புவாரிப் பங்கீடு இந்தக் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பீரோ சாவி கடைசி வரை அவர்களிடம் வரவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், மாகாணம் என்பது பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதி. 1920 முதல் அதற்கு நம் ஆட்கள் மந்திரிகளாக வந்தார்கள், ஆனால் பாதி வீட்டுக்கு மட்டும்.

சாவி கைமாறியது, மறுசாவி மடியில் இருந்தது

1935ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியை மாகாணங்களில் ஒழித்தது. போலீஸ் உட்பட எல்லாத் துறையும் மந்திரிகளிடம் வரும். மந்திரிகள் சபைக்குப் பதில் சொல்வார்கள். இதைத்தான் மாகாணத் தன்னாட்சி என்றார்கள். எந்த விஷயம் யாருக்கு என்று மூன்று பட்டியல்களும் போட்டார்கள். ராணுவம், நாணயம், ரயில் மத்தியப் பட்டியலில். நிலம், போலீஸ், கல்வி, சுகாதாரம், விவசாயம், சாராய வரி மாகாணப் பட்டியலில். இரண்டு பேரும் கைவைக்கக்கூடியவை பொதுப் பட்டியலில். இன்று மாநில உரிமை பற்றி டீக்கடையில் பேசும்போது நாம் சொல்கிற மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியலுக்குப் பெரியப்பா இதுதான்.

இந்த மந்திரி சபைக்குத் தலைமை தாங்கியவரைத்தான் இங்கிலீஷில் பிரீமியர் என்று அழைத்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் பிரதம மந்திரி, பிரதமர் என்று எழுதின. சட்டம் மந்திரி சபையைப் பற்றித்தான் பேசுகிறது. பட்டம் வழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது இந்தியா முழுவதற்கும் பிரதமர் என்று யாரும் கிடையாது. டில்லியில் வைஸ்ராய்தான் இருந்தார். அதனால் சென்னைக்கு ஒரு பிரதமர், பம்பாய்க்கு ஒரு பிரதமர், வங்காளத்துக்கு ஒரு பிரதமர் என்று இருந்தது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சரி, இப்போது மகனிடம் வீடு முழுக்க வந்துவிட்டது. ஆனால் பெரியவர் மறுசாவி ஒன்றை மடியில் முடிந்து வைத்திருந்தார். கவர்னருக்குச் சில ‘சிறப்புப் பொறுப்புகள்’ இருந்தன. அமைதிக்குப் பங்கம் என்றோ, சிறுபான்மையினர் நலன் என்றோ, அதிகாரிகளின் உரிமை என்றோ சொல்லி, மந்திரிகளின் ஆலோசனையை ஒதுக்கிவிட்டு அவரே முடிவெடுக்கலாம். அதையும் தாண்டி 93ஆம் பிரிவு இருந்தது. ஆட்சி நடத்த முடியாத நிலை வந்துவிட்டது என்று கவர்னர் கருதினால் மந்திரி சபை, சட்டசபை இரண்டின் வேலையையும் அவரே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மறுசாவி வெறும் காகித விஷயம் இல்லை. 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. அப்படி ஜெயித்தும் உடனே பதவி ஏற்கவில்லை. அன்றாட நிர்வாகத்தில் கவர்னர் மூக்கை நுழைக்க மாட்டார் என்று உறுதி வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டது. அந்த மூன்று மாதம் கே.வி. ரெட்டி நாயுடு இடைக்கால அமைச்சரவை நடத்தினார். ஜூலையில் ராஜாஜி வந்தார். 1939இல் இந்தியாவைக் கேட்காமலே உலகப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்தன. மடியில் இருந்த மறுசாவி வெளியே வந்தது. அதற்குப் பிறகு 1946 வரை, ஆறரை வருஷம், சென்னையைக் கவர்னர் தனியாகவே ஆண்டார்.

ஓமந்தூரிலிருந்து ஒருவர்

ஓமந்தூர், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்போது தென்னார்க்காடு மாவட்டம், இப்போது விழுப்புரம் மாவட்டம். அங்கே 1895 பிப்ரவரி 1இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் ராமசாமி பிறந்தார். அன்றைய அரசியல் தலைவர்களில் பலர் வக்கீல்கள், மற்றவர்கள் பெரிய ஜமீன்தார்கள். கோட்டும் இங்கிலீஷ் பேச்சும்தான் சபையின் நுழைவுச் சீட்டு மாதிரி இருந்த காலத்தில் இவர் வயலிலிருந்து காங்கிரஸுக்கு வந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். வள்ளலாரிடமும் ரமணரிடமும் ஈடுபாடு கொண்டவர். அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எளிமையில் ஆரம்பித்து எளிமையில் முடித்துவிடுகிறார்கள். எளியவர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எளிமை எளிமை என்று சொல்லியே ஆளைச் சின்னதாக்கிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். இரண்டே வருஷத்தில் அவர் காலத்தில் வந்த சட்டங்களைப் பார்த்தால் மனுஷன் சும்மா கும்பிடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இல்லை என்று தெரியும். அதற்கு வருகிறேன்.

1946இல் மறுபடி தேர்தல் நடந்தது. எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றை வைத்துத்தான் ஓட்டுரிமை. காங்கிரஸ் ஜெயித்து, ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் பிரதமரானார். தமிழ்நாடு காங்கிரஸ் காமராஜர் கையில் இருந்தது, இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் பிரகாசம் இறங்க, 1947 மார்ச் 23இல் காமராஜர் தரப்பின் ஆதரவோடு ஓமந்தூரார் பிரதமரானார்.

ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 16

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி சென்னைக் கோட்டைக்குப் போயிருந்தால் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது: பிரதமர் ஓமந்தூரார், கவர்னர் ஆர்ச்சிபால்ட் நை. அடிப்படைச் சட்டம் 1935ஆம் ஆண்டுச் சட்டம். ஆகஸ்ட் 16ஆம் தேதி அதே கோட்டைக்குப் போயிருந்தால்? அதே ஓமந்தூரார், அதே நை துரை, அதே 1935ஆம் ஆண்டுச் சட்டம். சுதந்திரம் வந்த மறுநாளே வெள்ளைக்கார கவர்னர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. நை 1948 வரை இருந்தார். பாவ்நகர் மகாராஜா கவர்னராக வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் என்னதான் மாறியது? மறுசாவி போனது. புதிய அரசியல் சட்டம் எழுதி முடிக்கும் வரை 1935ஆம் ஆண்டுச் சட்டத்தையே ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் அதில் திருத்தம் செய்து, கவர்னர் தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரங்களை எடுத்துவிட்டார்கள். 93ஆம் பிரிவையும் நீக்கினார்கள். பெரியவர் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் மடியில் சாவி இல்லை. இனி மகன் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை.

அதனால் ‘மாகாணப் பிரதமர்’ என்று ஒரே பெயரில் சொல்லப்பட்ட பதவி உண்மையில் இரண்டு பதவி. ராஜாஜி 1937இல் உட்கார்ந்த நாற்காலியில், கவர்னர் நினைத்தால் கதை முடிந்தது. ஓமந்தூரார் மார்ச்சில் ஏறி உட்கார்ந்ததும் அந்த நாற்காலிதான். ஐந்து மாதம் கழித்து அவர் எழுந்திருக்காமலே நாற்காலி வேறாகிவிட்டது.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்ளலாம். 1920இல் பாதி வீடு. 1937இல் முழு வீடு, ஆனால் மறுசாவி கவர்னரிடம். 1947 ஆகஸ்ட் முதல் முழு வீடு, மறுசாவி இல்லை.

அந்த நாற்காலியிலிருந்து என்ன செய்தார்

மாகாணப் பட்டியலில் நிலம் இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதிலிருந்து ஆரம்பிப்போம். விவசாயி ஒருவர் பிரதமரானால் கை முதலில் போகும் இடமும் அதுதான்.

அப்போது நிலவரி இரண்டு வழியில் போனது. சில ஊர்களில் உழவர் பெயரில் பட்டா இருக்கும். அவர் நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டுவார். இது ரயத்துவாரி முறை. மற்ற ஊர்களில் நடுவில் ஒரு ஜமீன்தார் இருப்பார். உழவர் அவருக்குக் கொடுப்பார், அவர் சர்க்காருக்கு ஒரு நிலையான தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். வீட்டுச் சொந்தக்காரருக்கு நேராக வாடகை கொடுப்பதற்கும், மொத்தமாகப் பிடித்து உள்வாடகைக்கு விடுகிற ஆளிடம் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த நடு ஆளை எடுத்துவிட்டு, ஜமீன் நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற வழி செய்தது. ஜமீன்தார்களுக்கு இழப்பீடு உண்டு. குத்தகைக்காரர், கூலிக்காரர் பிரச்சினை எல்லாம் இதில் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டா கிடைத்தவர்கள் உழுதவர்கள் எல்லாரும் இல்லை.

அடுத்து கோயில். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பிறகு வந்த சட்டம் அரைகுறையானது. 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்பட எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்தது. அதே வருஷம் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியிலேயே சட்டசபையில் எழுப்பிய கோரிக்கை அது. ஏறக்குறைய இருபது வருஷம் காத்திருந்து சட்டமானது.

அரசு வேலைகளுக்கான வகுப்புவாரி ஆணை 1947 நவம்பரில் திருத்தப்பட்டது. 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்படுத்தப்பட்டோர் என்று தனியாக ஒரு வரிசை வந்ததைக் கவனியுங்கள். வகுப்புவாரி முறைப்படி கல்லூரி இடம் கொடுத்தது 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டு, அதனால் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது வேறு கதை.

மதுவிலக்கை ராஜாஜி 1937இல் சேலத்தில் ஆரம்பித்திருந்தார். ஓமந்தூரார் ஆட்சி 1948 அக்டோபர் 2இல் அதை மாகாணம் முழுக்க விரித்தது. சாராய வரி மாகாணத்தின் முக்கிய வருமானம் என்பதை நினைத்துப் பாருங்கள். சொந்தப் பீரோவிலிருந்து தானே பணத்தை எடுத்து வெளியே வைக்கிற வேலை.

எல்லாம் கைதட்டல் இல்லை. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தபோது பெரியார் தலைமையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சமூக நீதி ஆணை போட்ட அதே ஆட்சிதான் இதையும் செய்தது. ஒரு ஆளை முழுசாக ஒரு பக்கத்தில் நிறுத்திவிட முடியாது.

பால் சங்கத் தலைவர் எப்படி இறங்குவார்

கவர்னரின் மறுசாவிதான் போய்விட்டதே, பிறகு ஓமந்தூரார் ஏன் இரண்டே வருஷத்தில் இறங்கினார்? மக்கள் தோற்கடித்தார்களா? இல்லை, அப்போது தேர்தலே நடக்கவில்லை.

ஊரில் பால் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயக்குநர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயக்குநர்களில் பாதிப் பேருக்கு மேல் மனசு மாறிவிட்டால் தலைவர் போக வேண்டியதுதான். பால் ஊற்றுகிறவர்களை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். மாகாணப் பிரதமர் பதவியும் இப்படித்தான். இன்றைய முதலமைச்சர் பதவியும் இப்படியேதான். ஜெயித்த கட்சியின் சட்டசபை உறுப்பினர்கள் கூடி ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குச் சட்டசபைக் கட்சி என்று பெயர். வெளியே இருக்கும் கட்சி அமைப்பு வேறு, அதன் தலைவர் வேறு. ஓமந்தூரார் சட்டசபைக் கட்சியின் தலைவர்; காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் அமைப்பின் தலைவர். ஏறும்போது இரண்டும் ஒரே திசையில் இழுத்தன. போகப்போகக் காமராஜர் தரப்புக்கும் அவருக்கும் இடைவெளி விழுந்தது. நான்கு மொழிக்காரர்கள் உட்கார்ந்த சபையில் கோஷ்டிகளுக்கும் பஞ்சம் இல்லை.

1949 ஏப்ரல் 6இல் ஓமந்தூரார் விலக, பி.எஸ். குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் பிறகு வடலூருக்குப் போனார். வள்ளலார் பெயரால் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கல்விக்கும் நிலையம் அமைத்து அங்கே பாடுபட்டார். ஆட்சி நாற்காலிக்கு அவர் திரும்பி வரவில்லை. 1970 ஆகஸ்ட் 25இல் காலமானார்.

வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில்

இப்போது தம்பிக்கும் மாமாவுக்கும் பதில் சொல்லிவிடலாம். கேள்வியைச் சரியாகக் கேட்டால் எல்லாருமே சரி. இரட்டையாட்சியில் முதல் ஆள் சுப்பராயலு ரெட்டியார், 1920. மாகாணத் தன்னாட்சியில் காங்கிரஸின் முதல் பிரதமர் ராஜாஜி, 1937. சுதந்திரம் வந்த நாளில் நாற்காலியில் இருந்தவர் ஓமந்தூரார். எல்லாருக்கும் ஓட்டு வந்த 1952 தேர்தலுக்குப் பிறகு வந்தவர் மறுபடி ராஜாஜி. தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14இல் வந்தபோது முதலமைச்சர் அண்ணா. மாமா அதைத்தான் சொல்ல வந்திருப்பார்.

‘பிரதமர்’ என்ற பெயர் எப்போது போனது என்றால், 1950 ஜனவரி 26இல். அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பிரதமர் என்ற பெயரை டில்லிக்கு ஒதுக்கிவிட்டு, மாநிலங்களுக்கு முதலமைச்சர் என்று எழுதியது. குமாரசாமி ராஜா 25ஆம் தேதி ராத்திரி பிரதமராகப் படுத்து, காலையில் முதலமைச்சராக எழுந்தார்.